கலக்குமுன் அளத்தல்

கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு மிதக்கும் ஆலை என்பது வியப்புக்குரிய செய்தியன்று. லகாட்டிலிருந்து பத்து காஜாவைக் கடந்து தஞ்சோங் துவாலாங் நோக்கிச் செல்வோர், ஈயம் வாரும் பழைய கப்பல் ஒன்று குளத்து நீரில் நிற்பதைக் காணலாம். 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1982 வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த அந்தக் கப்பலின் எடை ஏறத்தாழ 4,500 டன். மண்ணை வாரியதும் அதுவே. வாரிய மண்ணைத் தன் வயிற்றுக்குள்ளேயே அலசி ஈய மணலைப் பிரித்ததும் அதுவே. கழிவைப் பின்புறமாகத் தள்ளியதும் அதுவே.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். கடலடிக் கிணற்றிலிருந்து தூய எண்ணெய் ஊற்றெடுத்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எண்ணெய், எரிவாயு, உப்புநீர், மணல் ஆகியவை ஒன்றோடொன்று கலந்தே மேலே வருகின்றன. அவற்றைப் பிரிக்கும் கலங்கள், எரிவாயுவை அழுத்தும் பொறிகள், எண்ணெயைக் கரைக்கு அனுப்பும் குழாய்கள், பணியாளர் தங்கும் அறைகள் ஆகிய யாவும் அமைந்த ஒரு சிற்றூரே அந்த மேடை. அதை ஆழ்கடலில் நிறுவப் பல நூறு கோடி வெள்ளி செலவாகும்.

பெரிய வயலைக் கண்டெடுத்தவர் அச்செலவைத் தாங்குவார். சிறிய வயலைக் கண்டெடுத்தவர் என்ன செய்வார்? மூன்று கோடிப் பீப்பாய் அல்லது அதற்கும் குறைவான வளமுடைய வயல்களைச் சிறு வயல்கள் என நம் நாட்டில் வகுத்திருந்தனர். 2011ஆம் ஆண்டை ஒட்டிய கணக்குப்படி அத்தகையவை நூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மேடை கட்டப் புகுந்தால் வரவை விடச் செலவே மிகும். ஆகவே அருகில் இயங்கும் மேடையை நாடிச் சென்று, "எங்கள் எண்ணெயையும் உங்கள் கலத்தில் பிரித்துத் தாருங்கள், பீப்பாய்க்கு இவ்வளவு கூலி தருகிறோம்" என்று பேசி முடிப்பதே வழி. இவ்வாறு எழுதப்படும் உடன்பாட்டுக்கு உற்பத்திக் கையாளுகை ஒப்பந்தம் என்று பெயர். மேடைக்கு உரியவர் விருந்தளிப்பவர். எண்ணெய் கொண்டுவருபவர் விருந்தினர். ஆனால் இது கூலி கொடுத்து உண்ணும் விருந்து என்பதை மறந்துவிடலாகாது.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்று, இன்று சபா கடற்பகுதியில் தொழில்நுட்பராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர், தீபாவளி விடுமுறையில் என்னைக் காண வந்தபோது இதனை விளக்கினார். எடுத்துக்காட்டு அங்கேயே இருக்கிறது. லபுவானுக்கு வடமேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், 1,300 மீட்டர் ஆழ நீரில் உள்ள கிக்கே வயல் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2007 ஆகஸ்டில் உற்பத்தியைத் தொடங்கியது. மலேசியாவின் முதல் ஆழ்கடல் வயல் அது. மர்பி நிறுவனமும் பெட்ரோனாஸ் சாரிகாலியும் அப்போது அதன் பங்காளிகளாக இருந்தன. எண்ணெயைப் பிரித்துச் சேமித்து வைக்கும் பெரிய கப்பல் ஒன்று அங்கே நங்கூரமிடப்பட்டது. பின்னர் அருகில் சியாக்காப் வடக்கு, பெத்தாய் என்னும் வயல் உருவாயிற்று. அதில் அவ்விரு நிறுவனங்களோடு ஷெல்லும் கோனோகோபிலிப்சும் பங்கு பெற்றிருந்தன. அவர்கள் புதிய கப்பலொன்றைக் கட்டவில்லை. கடலடியில் குழாய் பதித்துக் கிக்கேயின் கப்பலுக்கே எண்ணெயை அனுப்பினர். 2014இல் முதல் எண்ணெய் வந்தது. மெக்சிகோ வளைகுடாவிலோ 2007இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 'இண்டிபெண்டன்ஸ் ஹப்' என்னும் மேடை பல வயல்களின் எரிவாயுவை ஒருங்கே கையாண்டது. அந்த மேடையின் உரிமையாளருக்கு அந்த எரிவாயுவில் பங்கே இல்லை.

"எல்லாம் ஒரே கலத்தில் கலந்துவிட்ட பிறகு, இன்னாருக்கு இவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கலந்த பிறகு பிரிக்க முடியாது ஐயா. கலக்குமுன் அளந்துவிட வேண்டும்" என்றார் அவர்.

இந்த விடையை என் மாணவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரு விகிதக் கணக்காகவே எழுதிக் காட்டுகிறேன். விருந்தளிப்பவரின் கிணறுகளிலிருந்து 600 பீப்பாய் திரவம் வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு நீர். விருந்தினரின் கிணறுகளிலிருந்து 400 பீப்பாய் வருகிறது. அதில் பாதி நீர். நீரை நீக்கினால் முன்னவருக்கு 540, பின்னவருக்கு 200, ஆக 740 பீப்பாய் எண்ணெய். ஆனால் நீரைக் கருதாமல், வந்த திரவத்தின் அளவை மட்டும் கொண்டு ஆறுக்கு நான்கு என்று பங்கிட்டால் விருந்தினருக்கு 296 பீப்பாய் போய்விடும். அதாவது 96 பீப்பாய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சத்தமின்றி நகர்ந்துவிடும். ஒரு நாள் கணக்கே இவ்வாறாயின் இருபது ஆண்டுக் கணக்கு என்னாவது? ஆகவே ஒவ்வொரு வயலின் வரவையும் தனியே சோதனைக் கலத்தில் செலுத்தி, எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு, வாயு எவ்வளவு என்று அளக்கின்றனர். எண்ணெயின் தரத்துக்கும் தனிக் கணக்குண்டு. நல்ல எண்ணெயோடு மட்ட எண்ணெய் கலந்து விற்கப்படும்போது, நல்ல எண்ணெய்க்காரர் இழக்கும் விலையை மற்றவர் ஈடுசெய்ய வேண்டும்.

பங்காளிகள் ஒருவரேயானாலும் இந்த அளவை தவிர்க்க இயலாது. சபா கடலில் 2016 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கிய மலிக்காய் மேடையின் எண்ணெயும் வாயுவும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் குழாய் வழியே கெபாபாங்கான் மேடைக்குச் செல்கின்றன. தொடங்கிய காலத்தில் இரண்டிலும் அதே மூன்று நிறுவனங்கள்தாம் பங்காளிகள். ஆயினும் கெபாபாங்கானில் பெட்ரோனாஸ் சாரிகாலிக்கு நூற்றுக்கு 40, மற்ற இருவருக்கும் 30, 30. மலிக்காயிலோ ஷெல்லுக்கும் கோனோகோபிலிப்சுக்கும் 35, 35, பெட்ரோனாஸ் சாரிகாலிக்கு 30. ஒரு பீப்பாய் எந்த வயலின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து மூவரின் வருவாயும் மாறும். உடன்பிறந்தார்க்கும் கணக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மாணவர் பேசிக்கொண்டிருக்க, என் நினைவு எங்கள் தோட்டத்துப் பால் கொட்டகைக்குச் சென்றது. ஐம்பது பேர் வெட்டிய பால் ஒரே தொட்டியில் ஊற்றப்படும். ஊற்றுமுன் வாளியை நிறுத்து, சிறிது பால் எடுத்து, அதிலுள்ள ரப்பர் எவ்வளவு என்று கிராணி சோதிப்பார். மழை பெய்த நாளில் வாளி கனக்கும், ரப்பர் குறையும். ஆகவே எடை மட்டும் போதாது என்பது நியாயமான விதியே. நியாயமில்லாதது வேறொன்று. தராசும் சோதனைக் கருவியும் கிராணியின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொன்னதே எண். அவர் எழுதியதே கூலி. என் தாயார் எண்ணறிவு இல்லாதவர். பல ஆண்டுகள் ஒரு சொல்லும் கேளாமல் காலி வாளியோடு திரும்பியவர். நான் நான்காம் ஆண்டில் பயின்றபோது, விடுமுறை நாட்களில் அவரருகே நின்று தராசின் எண்ணை உரக்கப் படிப்பேன். நான் நின்ற நாட்களில் தாயாரின் கணக்கில் இரண்டொரு பவுண்டு கூடியே இருந்தது. யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. தொட்டியில் விழுந்த பாலுக்கு அடையாளம் கிடையாது. இருதரப்பும் படிக்கத்தக்க அளவுகோல் ஒன்றே எளியவனுக்குக் காவல் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எண்ணெய் மேடையிலும் எளியவர் உண்டு. சிறு வயல்காரருக்குப் போக வேறு இடமில்லை என்பதை அறிந்த மேடைக்காரர், வாயில் வந்த கூலியைக் கேட்கக்கூடும். இதைக் கருதியே பிரிட்டன் 2011ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில், பேச்சு முறிந்தால் அரசிடம் முறையிட்டுத் தீர்ப்புப் பெற வழிவகுத்தது. ஒப்பந்தங்களிலும் அளவுமானிகளைச் சரிபார்க்கும்போது விருந்தினரின் ஆளும் உடனிருந்து காணும் உரிமை எழுதப்படுகிறது. அன்று நான் தராசருகே நின்ற உரிமையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை.

அளவுக்கு அடுத்தது, இடர் வரும் நாளுக்குரிய விதி. பொறி பழுதுற்று மேடையின் ஆற்றல் பாதியாகக் குறைந்தால் யாருடைய கிணற்றை முதலில் மூடுவது? குழாய் வெடித்தால் இழப்பு யாருக்கு? 2018 ஜனவரியில் கிமானிசிலிருந்து பிந்துலு செல்லும் எரிவாயுக் குழாய் சேதமுற்றபோது, நெடுந்தொலைவிலுள்ள கெபாபாங்கானின் உற்பத்தியையும் குறைக்க நேர்ந்தது. பொருளிழப்போடு நிற்பதாயின் தாழ்வில்லை. 1988 ஜூலை 6ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை தீப்பற்றியது. கிளேமோர், டார்ட்டன் என்னும் அண்டை மேடைகள் குழாய்களால் அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. பைப்பர் எரிவதைக் கண்ட பிறகும் அவற்றின் உற்பத்தி உடனே நிறுத்தப்படவில்லை. அன்று மாண்டோர் 167 பேர். பங்கிட்டுக்கொண்ட குழாயை, யாரையும் கேளாமல் மூடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது முன்கூட்டியே தெளிவாக இருந்தாக வேண்டும் என்னும் பாடத்தை உலகம் அத்தனை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. என் மாணவர் துயிலும் அறையும் அத்தகையதொரு மேடையில்தான் இருக்கிறது.

முன்கூட்டிப் பேசாவிடில் நேர்வது என்ன என்பதற்கு, சற்று வேறுபட்டதாயினும், இந்தியாவின் கிருஷ்ணா கோதாவரிக் கடற்பகுதி ஒரு சான்று. சியாக்காப் வடக்கும் பெத்தாயும் இருவேறு உரிமப் பகுதிகளில் பரவியிருந்ததால், இரண்டையும் ஒரே வயலாகக் கொண்டு பங்கை வகுத்த பின்னரே எண்ணெய் எடுத்தனர். அங்கோ, தன் பகுதியின் வாயு அண்டையிலுள்ள ரிலையன்சின் கிணறுகளுக்கு நகர்ந்துவிட்டதென்று ஓ.என்.ஜி.சி. 2014இல் நீதிமன்றம் சென்றது. 2018இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் தரப்புக்குச் சார்பாக முடிவு கூறியது. 2025 பிப்ரவரியில் டில்லி உயர்நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. எடுத்த வாயு எரிந்து முடிந்தது, வழக்கு முடியவில்லை.

மூன்றாவது, காலம். விருந்தளிக்கும் மேடையும் மூப்படையும். அதன் சொந்த வயல் வற்றியதும், ஒரு மேடையைக் காத்துவரும் செலவு தாங்காமல் அதைப் பிரித்தெடுக்கத் தொடங்குவர். அதற்குமுன் விருந்தினர் வந்து சேர்ந்தால் மேடையின் ஆயுளும் நீளும், சிறு வயலும் பயன்படும். பிரித்தெடுத்த பின்னர் வந்தால் அந்தச் சிறு வளம் கடலடியிலேயே கிடக்க வேண்டியதுதான். இதை உணர்வதற்கு லகாட் வட்டாரத்தாருக்குக் கடலைக் காட்ட வேண்டியதில்லை. 1985இல் ஈய விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டு, பொறிகள் கழற்றி விற்கப்பட்ட பின்னர், எஞ்சிய ஈயம் மண்ணுக்குள்ளும் குளத்துக்கடியிலும் அப்படியே நின்றுவிட்டதை நாம் நம் கண்ணால் கண்டோம்.

வள்ளுவர் நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலை எடுத்துக்கொண்டார். அவ்வதிகாரத்தைப் பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணும் வணிகனைக் கூறி முடித்தார். பிறர் எண்ணெயைத் தன் கலத்தில் ஏற்கும் மேடைக்காரனுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் அமையாது.

நம்மிடையேயும் பங்கிட்டு நடத்த வேண்டியவை பெருகி வருகின்றன. கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய மண்டபங்கள், ஒரே வளாகத்தில் இயங்கும் பள்ளிகள் என எத்தனையோ. "நமக்குள் என்ன கணக்கு?" என்று கூறித் தொடங்கிய நற்பணிகள் பல, பிற்பாடு கணக்கினாலேயே பிளவுபட்டன. கணக்குக் கேட்பது ஐயத்தின் அடையாளமன்று. நட்பு நீடிக்கச் செய்யும் ஏற்பாடு. அளவுகோலை இருவரும் படிக்கும்படி வையுங்கள். இடர்நாளின் விதியை இன்பநாளில் எழுதுங்கள். மேடை நிற்கும்போதே பேசி முடியுங்கள். அதற்குமுன், அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உருவாக்குங்கள். அந்த இறுதிப் பணி எங்களுடையது. தமிழ்ப்பள்ளியின் கணக்கு வகுப்பில் நாள்தோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.