துவாரகா வாசம்

தலைநகரின் தென்மேற்கு மூலையில், பாலம் விமான நிலையத்தை அடுத்துப் பரந்து கிடக்கும் துவாரகாவைப் பற்றி நமது இதழில் எழுதவேண்டும் என்று அன்பர் சிலர் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். பார்க்கத்தக்க இடங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். 12ஆம் செக்டாரில் லோடி சுல்தான்கள் காலத்துப் படிக்கிணறு ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்றது. லோஹார்ஹேரி என்ற கிராமத்தார் நீர் முகந்த கிணறு அது. கிராமம் போய்விட்டது, கிணறு மட்டும் அடுக்குமாடிகளின் நடுவே, வழி தவறி வந்த முதியவர் போல நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத் திரும்பக் கால்மணி நேரம் போதும். துவாரகாவுக்கு வருபவர் காண்பதற்காக வருவதில்லை, குடியிருக்க வருகிறார். ஆதலின் குடியிருப்பதைப் பற்றியே சொல்லுவோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். டில்லி வளர்ச்சி ஆணையம் இந்நகரை எழுப்பத் தொடங்கியபோது இதன் பெயர் பாப்பன்கலான். பின்னரே கண்ணபிரானின் தலைநகரின் பெயர் இதற்கு வாய்த்தது. தமிழருக்கு அப்பெயர் புதிதன்று. இருங்கோவேளின் முன்னோர் துவரை என்னும் நகரை ஆண்டவர் எனக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அத்துவரை எது என்பது பற்றிப் புலவர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஒன்று மட்டும் உறுதி: கபிலர் சொன்ன துவரையில் செக்டார்கள் இருந்திரா.

செக்டார்களின் எண் வரிசை நம் போன்றோரின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது போலும். 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் துவாரகா நிலையம் வரை மெட்ரோ ரயில் வந்தது. 2006 ஏப்ரலில் 9ஆம் செக்டாருக்கும், 2010 அக்டோபரில் 21ஆம் செக்டாருக்கும் அது நீண்டது. நகரிலிருந்து வருபவர் துவாரகா நிலையத்தைத் தாண்டியதும் 14, 13, 12, 11, 10, 9, 8 என்று நிலையங்கள் இறங்குவரிசையில் செல்லக் காண்பார். அடுத்தது 7 என்று அவர் எழுந்து நின்றால், வருவது 21! ஊரிலிருந்து முதன்முறை வரும் உறவினர்க்கு இதனைத் தொலைபேசியில் விளக்குவது எளிதன்று. “எண்ணாதீர்கள், பெயர்ப் பலகையைப் படியுங்கள்” என்று சொல்லிவிடுவதே நலம்.

துவாரகை என்னும் சொல் வாயில்கள் பல உடையது என்று பொருள்படும். அவ்வகையில் இந்நகருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. இங்கே பெரும்பாலானவை கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஒவ்வொன்றுக்கும் சுற்றுமதில், மதிலுக்கு இரண்டோ மூன்றோ வாயில், அவற்றுள் எந்நேரமும் திறந்திருப்பது ஒன்று. அந்த ஒன்றும் நாம் இருக்கும் பக்கத்தில் இராது. காவலர் நம் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பி, நாம் இசைவு தந்த பின்னரே விருந்தினரை உள்ளே விடுவார். இசைவு கேட்கும் மணி நாம் குளிக்கும்போதுதான் ஒலிக்கும். சென்ற பொங்கலுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த நம் அன்னையார், கையில் வடகம் நிறைந்த அட்டைப் பெட்டியுடன் வாயிலில் பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள். “உன் வீட்டுக்கு வருவதைவிடத் திருப்பதியில் உள்ளே போவது சுலபமடா” என்பதே அவர்கள் எமக்கு அளித்த முதல் வாழ்த்து.

இனி வானத்துத் தொல்லை. விமானங்கள் இங்கே தாழப் பறக்கின்றன. சிறுவர்கள் வாலின் நிறத்தைக் கொண்டே நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுவர். அது நல்ல பொழுதுபோக்குத்தான். ஆயினும் தொலைக்காட்சியில் ஒரு படத்தின் முக்கியமான கட்டம் வரும்போதுதான் விமானமும் வரும். கதாநாயகியின் தந்தை, இத்தனை நாள் மறைத்துவைத்த இரகசியத்தைச் சொல்ல வாயெடுப்பார். தலைக்குமேல் ஓர் இரைச்சல். அது அடங்கும்போது எல்லாரும் அழுதுகொண்டிருப்பர். துவாரகாவில் நாம் பார்த்த படங்களுள் காரணம் தெரியாமலே அழுகையில் முடிந்தவை சில உண்டு.

தொலைக்காட்சி என்றதும் டில்லித் தமிழர் சற்றுப் பெருமை கொள்ளலாம். இந்நாட்டில் தொலைக்காட்சி பிறந்த ஊர் டில்லி. நாள் 1959 செப்டம்பர் 15. சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது 1965இல் நாள்தோறும் நடக்கலாயிற்று. சென்னைக்கு அது போய்ச் சேர்ந்தது 1975இல். அந்தப் பதினாறு ஆண்டுகளும் விடுமுறைக்கு ஊர் சென்ற டில்லிக்காரர் திண்ணையில் அமர்ந்து எவ்வளவு அளந்திருப்பார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1967ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று, டில்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களின் உழவர்க்கென ‘கிருஷி தர்ஷன்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. இன்று துவாரகாவாக விளங்கும் நிலம் அன்று அத்தகைய கிராமங்களின் வயலாகக் கிடந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது.

பெட்டி இருந்தது, தமிழ் இல்லை. 1980களில் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை மொழிக்கு மொழி முறைவைத்துக் காட்டினார்கள். நம் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்ததை மூத்தோர் இன்றும் சொல்லுவர். வந்த படமும் பெரும்பாலும் பரிசு பெற்ற படமாகவே இருக்கும். கத்திச் சண்டையை எதிர்பார்த்து வந்து அமர்ந்தவர்கள், ஒரு மாட்டுவண்டி அடிவானத்தைக் கடக்கும்வரை பொறுமையாகப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் ஒருவரும் எழுந்து போனதில்லை. தமிழ் காதில் விழுந்தது, அதுவே போதியதாயிருந்தது. பெட்டி உள்ள வீட்டில் பெட்டி இல்லாத நான்கு வீட்டார் கூடினர். 1993 சித்திரைப் புத்தாண்டன்று சன் தொலைக்காட்சி தோன்றிய பிறகு இந்தக் காத்திருப்பு மெல்ல மறைந்தது, கூட்டமும் மறைந்தது.

அந்நாளில் ஒரு வசதி இருந்ததை அப்போது யாரும் வசதியென்று கருதவில்லை. தெருவிலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் ஒரே காட்சி ஒரே நொடியில் தோன்றியது. இன்று அப்படியன்று. இதனை நாம் நன்குணர்ந்தது 2022 டிசம்பர் 18ஆம் நாள் இரவில். கத்தார் நாட்டின் லூசையில் நகரில் அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பைக்காக மோதின. நம் நேரம் இரவு எட்டரை மணி. மார்கழிக் குளிர், சன்னல்கள் யாவும் அடைத்திருந்தன. நாம் இணையத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். மேல்மாடி வங்காள அன்பர் வீட்டில் செயற்கைக்கோள் வழி வரும் ஒளிபரப்பு. எதிர்க் கட்டடத்து மலையாள அன்பர்கள் மொட்டை மாடியில் திரை கட்டியிருந்தார்கள். அவர்களுடைய இணைப்பு யாதென அறியோம்.

செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், அவ்வளவு தூரம் போய் மீள ஒளிக்குக் கால் நொடிதான் வேண்டும். படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் இன்னும் சில நொடிகள். இணைய ஒளிபரப்போ காட்சியைத் துண்டு துண்டாக நறுக்கி, சில துண்டுகள் சேர்ந்த பின்னரே நம் திரைக்குத் தருகிறது. அதனால் அரை நிமிடம் வரையிலும்கூடப் பின்தங்கும். விளைவு என்ன? நம் திரையில் மெஸ்ஸி பந்தைத் தொடுமுன்பே மேல்மாடி அதிர்ந்தது. இனி நமக்கு நிகழப்போவது எல்லாம் மேல்மாடியில் முன்னரே நிகழ்ந்துவிட்டது! இரண்டு கோல் முன்னணியில் அர்ஜென்டினா இருக்க, 80ஆம் நிமிடத்தை அடுத்து மேலிருந்து ஓர் ஆழ்ந்த மௌனம் இறங்கியது. நாற்காலி ஒன்று நகரும் ஒலி. பின் மீண்டும் மௌனம். எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்ததை நாம் அந்த நாற்காலியின் மூலமாகவே முதலில் அறிந்தோம். மூன்றுக்கு மூன்று என்று சமனாகி, தண்ட உதையில் நான்குக்கு இரண்டாக முடிந்த அவ்வாட்டத்தை உலகமே வியந்து பார்த்தது. நாமோ ஒவ்வொரு உதைக்கும் முன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மைந்தன், வயது பத்து, இறுதியில் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தான். தன் வீட்டில் தன் கண்ணால் காண்பதற்கு அவன் கண்ட வழி அது.

திரைப்படத்திலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. 14ஆம் செக்டாரின் வேகாஸ் மாலில் தமிழ்ப் படங்கள் வருவதுண்டு. கீழே ஆங்கில வரிகள் ஓடும். பொங்கலுக்கு மறுநாள் அன்னையாரையும் மைந்தனையும் அழைத்துச் சென்றோம். அரங்கில் பாதி தமிழர், பாதி பிறர். நகைச்சுவை நடிகர் பேசத் தொடங்கியதும் அன்னையாரின் அருகிலிருந்து பேரன் சிரித்தான். அன்னையார் திகைத்தார்கள். நடிகர் பேசி முடித்ததும் அவர்கள் சிரித்தார்கள். அப்போது பேரன் சிரிக்கவில்லை. படம் முழுவதும் இப்படியே. இடைவேளையில் அவர்கள் கேட்டார்கள்:

“ஏன்டா கண்ணு, அவன் இன்னும் வாயையே திறக்கவில்லையே, அதற்குள் ஏன் சிரிக்கிறாய்?”

“கீழே எழுத்து முதலிலேயே வந்துவிடுகிறதே, பாட்டி. நான் படித்துவிட்டேன்.”

அன்னையார் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சோளப்பொரியின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவ்விலையும் பேசத்தக்கதே, ஆனால் அவர்களின் மனம் அதில் இல்லை என்பது எமக்குத் தெரிந்தது.

பிள்ளைகளைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை. பள்ளியில் ஆங்கிலம், விளையாடுமிடத்தில் இந்தி. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் நமக்கு அண்மையில் உள்ளது ஜனக்புரியில். எல்லாராலும் அங்கே அனுப்ப இயல்வதில்லை. தமிழ்ப் படங்களோ இந்தியிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. இதுவும் புதிதன்று. எஸ். எஸ். வாசன் 1948இலேயே தமது ‘சந்திரலேகா’வை இந்தியிலும் ஆக்கி வடநாடெங்கும் ஓட்டினார்; 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வும் இந்தி பேசி வடக்கே வென்றது. அயலார் நம் படத்தைத் தம் மொழியில் பார்த்தால் நமக்கு அது பெருமை. நம் பிள்ளை அவ்வாறு பார்த்தால் அதை என்னவென்று சொல்வது? நம் மைந்தன் ‘ரோபோட்’ என்று ஒரு படத்தைப் பலமுறை பார்த்து, அதன் வசனங்களை இந்தியில் ஒப்பிப்பவன். அது 2010இல் வந்த ‘எந்திரன்’ என்பதும், ரஜினிகாந்த் அதில் தமிழ் பேசினார் என்பதும் அவனுக்குச் செய்தியாகவே இருந்தன. அப்படத்தின் உரையாடலில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, ஒரு காலத்தில் இதே டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியவர். படம் வெளிவருமுன் 2008இல் மறைந்தார். அவருடைய குறும்பு இந்தியில் எவ்வளவு மிஞ்சியது என்று நம்மால் மைந்தனுக்கு விளக்க முடியவில்லை. விளக்கினால் குறும்பு எங்கே இருக்கும்?

பந்தாட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நமது குடியிருப்பின் புல்வெளியில் “இங்கே பந்து விளையாடக் கூடாது” என்று பலகை உண்டு. இத்தகைய பலகை இல்லாத குடியிருப்பை நாம் துவாரகாவில் இதுவரை கண்டிலோம். 11ஆம் செக்டாரில் வளர்ச்சி ஆணையத்தின் விளையாட்டு வளாகம் இருக்கிறது. நாள்தோறும் மாலையில் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட எத்தனை பெற்றோர்க்குப் பொழுது உண்டு? ஆகவே நிறுத்திய கார்களின் இடையே ஆட்டம் நடக்கிறது. 2017 அக்டோபர் 9ஆம் நாள், இதே டில்லியின் ஜவாஹர்லால் நேரு அரங்கில், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் ஜீக்சன் சிங் என்ற மணிப்பூர்ச் சிறுவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அதுவே. அரங்கம் ஆரவாரித்து அடங்குமுன் கொலம்பியா மறு கோலைப் போட்டு வென்றுவிட்டது. நம் கார்நிறுத்தத்துச் சிறுவர்கள் இன்றும் ஜீக்சன் ஆவதுண்டு. மூலை உதை என்பது அங்கே ஒரு வெள்ளைக் காருக்கும் நீர்த்தொட்டிக்கும் இடையிலிருந்து எடுக்கப்படுவது. கார் உரிமையாளர் வருவது ஆட்ட இறுதி.

அன்னையார் மாசி முடியும்வரை இங்கேயே தங்கினார்கள். திரைக்கூடத்துச் சிரிப்பை அவர்கள் மறக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் எழுத்தை நிறுத்தப் பொத்தான் இருக்கிறது என்று நாம் காட்டினோம். அதைப் பேரன் மீண்டும் அழுத்திவிடுவான் என்று அவர்கள் நம்பவில்லை. வடகம் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஒரு சாண் உயரத்துக்கு நீளமாக வெட்டி, பெட்டியின் முன்னே மேசைமீது நிறுத்திவைத்தார்கள். எழுத்து ஓடும் இடம் மறைந்தது. முதல் இரண்டு நாள் பேரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். மூன்றாம் நாள், “பாட்டி, சம்பந்தி என்றால் யார்?” என்று கேட்டான். அவர்கள் தம் மூன்று சம்பந்திகளின் குணநலன்களையும் விரித்துரைத்தார்கள்; படம் அதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் ‘வெட்டி’ என்ற சொல்லுக்கும், அதற்கடுத்த நாள் ‘எகத்தாளம்’ என்ற சொல்லுக்கும் விசாரணை நடந்தது. பின்னதற்கு எடுத்துக்காட்டாக அவனுடைய தந்தையின் இளமைப் பருவம் எடுத்தாளப்பட்டது.

அன்னையார் ஊர் திரும்பிவிட்டார்கள். அட்டை மேசைமீதே நிற்கிறது. கால்பந்தாட்டத்தின்போது மட்டும் அதை அகற்றிக்கொள்ள அனுமதி உண்டு.