தந்தையார் விட்டுச்சென்ற சுழல்துப்பாக்கி

கூடங்குளத்தில் எம் தந்தையாரின் மரப்பெட்டகத்துள், வேட்டிகளுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் பொதிந்த சுழல்துப்பாக்கி ஒன்று நெடுங்காலம் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை அதனைத் துடைத்து வைப்பார். சுட்டு யாம் கண்டதில்லை. தேர்தல் வருந்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பின்னர் மீட்டு வருவார். அதற்குத் தந்த ஒப்புகைச் சீட்டுகளையும் நிலப்பத்திரங்களோடு சேர்த்துப் பேணினார்.

அவர் மறைந்ததும் அது எம்முடையது என்றே எண்ணினோம். ஆனால் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வேறு கூறுகிறது. உரிமம் ஆளுக்கு உரியது, ஆயுதத்தோடு கைமாறுவதன்று. வாரிசு தம் பெயரில் உரிமம் பெறும்வரை ஆயுதம் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ இருத்தல் வேண்டும். ஏனைய வாரிசுகளின் இசைவும் எழுத்தில் வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில்தான் அதனை முதன்முறையாகக் கையில் ஏந்தினோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனத்தின் .32 அளவு துப்பாக்கி அது. தாழை அழுத்தினால் குழல் முன்புறமாகச் சாய்கிறது. உருளையின் நடுவிலிருந்து விண்மீன் வடிவ உறுப்பு எழுந்து வெற்றுத் தோட்டாக்களை ஒருங்கே வெளியேற்றுகிறது. அதன் பெரிய உடன்பிறப்பான .455 வெப்லி 1887 முதல் ஆங்கிலப் படையில் இருந்தது. படைக்குரிய அவ்வளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டமையால் .32 நம் வீடுகளுக்கு வந்தது. அந்தப் பொருத்தத்தின் செம்மையில் மனம் மயங்கியதை மறைப்பதற்கில்லை.

இளமையில் கேட்டபோதெல்லாம், "வாஞ்சிநாதன் வைத்திருந்தது போன்றது" என்பார் தந்தையார். பள்ளியில் அதைச் சொல்லிப் பெருமை கொண்டோம். அது பிழை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதில் சுழலும் உருளை கிடையாது. மனைவி உடனிருக்க ஆஷ் வீழ்ந்தார்; வாஞ்சியும் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். சிறுவராய் யாம் சொல்லித் திரிந்த கதையில் இறந்தவர் எவரும் இருந்ததில்லை.

பின் எதற்காக அந்த இரும்பின்மேல் இத்துணைப் பற்று? பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801ஆம் ஆண்டின் டிசம்பரில் பாளையக்காரர் நாட்டினர் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும் என்று கும்பெனி அறிவித்தது. 1878இன் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. எல்லாரிடமும் பறித்ததைச் சிலருக்கு மட்டும் திருப்பித் தந்தால் அதுவே பட்டமாகிவிடுகிறது. தந்தையார் பேணியது துப்பாக்கியை விட அந்தச் சீட்டுகளைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இசைவுக் கடிதத்தோடு தமக்கையாரிடம் சென்றோம். கிணற்றுத் தோட்டத்தை முன்னர் எம் பெயருக்கு எழுதிக்கொண்டபோது அவரை ஒரு சொல் கேட்டோமில்லை. ஆறாண்டுகளாகப் பேச்சில்லை. தாளைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, தோட்டத்துக்கு என் கையெழுத்து தேவைப்படவில்லை. இந்த இரும்புக்கு மட்டும் தேவைப்படுகிறதோ?"

எம்மிடம் விடையில்லை. அவர் கையெழுத்திடவுமில்லை, மறுக்கவுமில்லை. தாளை வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் தோட்டத்தின் மூலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவரோடு பத்திர எழுத்தரிடம் சென்றோம். துப்பாக்கி இன்னும் காவல் நிலையத்தில் இருக்கிறது.