நடுவுல ஓட்டை இருந்தா, சார்?



போன வாரம் குவைத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். ஊரில் சும்மா இருக்கும் தம்பிக்கு ஒரு மினி ஹிட்டாச்சி வாங்கித் தரப் போகிறானாம். புதிது அல்ல, கைமாறிய வண்டி. "சார், நம்ம களிமண்ணுல ஓடின வண்டி. அடியில பெல்ட்டு, மோட்டாரெல்லாம் எப்படி இருக்குன்னு எதை வச்சுப் பார்க்கிறது?" என்று கேட்டான்.

அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் மண் தோண்டும் வண்டியைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவனும் நம் பள்ளி மாணவன்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துப் படியுங்கள்.

2022-ம் வருஷம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அந்த வருஷம் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள், 19 நாள் முன்னதாக. குறுவைக்கு நல்ல சேதிதான். ஆனால் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. தண்ணீர் வந்துவிட்டால் வண்டி இறங்க முடியாது. வேலை முடியாவிட்டால் பில் இல்லை. அதைவிட, கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அந்தக் கடைமடையில் எனக்கும் மூன்று மா இருக்கிறது.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்கால். இரண்டு பக்கமும் தென்னையும் வீட்டுக் கொல்லையும். பெரிய பொக்லைன் நுழையாது. அதனால் அந்த வேலை தம்பியின் கைக்கு வந்தது. பத்தாம் வகுப்போடு நின்று, ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். மனைவியின் நகையை பாங்கில் வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, மூன்று டன் வண்டி ஒன்று எடுத்திருந்தான். நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்த வாய்க்காலை அந்தச் சின்ன வண்டி சுத்தம் செய்வதை, தினமும் காலையில் கரையில் நின்று பார்ப்பேன்.

மே 21 வாக்கில் வண்டி நொண்ட ஆரம்பித்தது. காலையில் நேராகப் போகும். பத்து மணிக்கு மேல் இடது பெல்ட் தளர்ந்து நடக்கும், வண்டி இடப்பக்கமே இழுக்கும். கரை ஓரத்தில் வேலை செய்யும் வண்டி இப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். இடது சக்கரப் பக்கம் குனிந்து பார்த்தார். "டிராவல் மோட்டார் போச்சு. மாத்தணும்." ஒன்றரை லட்சத்துக்கு மேல். சென்னையிலிருந்து வர நான்கைந்து நாள். அவர் போன பிறகு தம்பி கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அடகு வைக்க வீட்டில் இன்னொரு நகை கிடையாது.

இந்த வண்டி எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் நேராகப் பெல்ட்டைச் சுற்றுவதில்லை. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தும். அந்த எண்ணெய், ஓட்டுநர் லீவரைத் தள்ளும்போது கன்ட்ரோல் வால்வு வழியாக, வண்டியின் நடுவில் இருக்கும் 'சென்டர் ஜாயிண்ட்' வழியாகக் கீழே இறங்கும். மேல் பாகம் சுற்றிச் சுற்றித் தோண்டுகிறதே, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் எண்ணெய் கீழே போக வழி வேண்டும். அந்த வழிதான் சென்டர் ஜாயிண்ட். அங்கிருந்து இரண்டு பக்கமும் உள்ள டிராவல் மோட்டார்களுக்கு எண்ணெய் போகும். மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரப் பெட்டி குறைத்து, பலத்தைக் கூட்டி, ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும். ஸ்ப்ராக்கெட் பெல்ட்டை இழுக்கும். இத்தனை கண்ணியில் எது அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: ஒரு பக்கம் நொண்டுகிறது. நொண்டுவது கால். நோவு இடுப்பிலும் இருக்கலாம்.

மறுநாள் காலை தம்பி என்னிடம் வந்தான். "சார், மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பார்த்துடலாம்னு இருக்கேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறீங்களா? பதட்டத்துல எனக்கு மறந்துடும்." நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஸ்பேனரே எடுக்கவில்லை. கழுவினான். இரண்டு பக்கமும் பக்கெட்டை ஊன்றி ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, பெல்ட்டை மெதுவாகச் சுற்றி, ரோலர் இடுக்கில் இறுகியிருந்த களிமண்ணைச் சுரண்டினான். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் வைக்கோலும் பழைய நைலான் சேலைக் கிழிசலும் சுற்றிக்கொண்டிருந்தன. அறுத்து எடுத்தான். ரோலர் எல்லாம் சுற்றின. இரண்டு பெல்ட்டின் தொய்வும் ஒன்றாகவே இருந்தது.

அடுத்து பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய். மட்டம் சரி. கொஞ்சம் எடுத்துக் காந்தத்தை விட்டுப் பார்த்தான். இரும்புத் துகள் ஒட்டவில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அதுவும் இல்லை. மட்டம் ஏறியிருந்தால் மோட்டாரின் சீல் கசிந்து ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே வருகிறது என்று அர்த்தமாம், அதுவும் இல்லை.

ரோட்டில் 20 மீட்டர் கயிறு கட்டினோம். வண்டி குளிர்ந்திருந்தபோது கயிற்றை ஒட்டியே போனது. ஒரு மணி நேரம் வேலை செய்து சூடான பிறகு ஒரு மீட்டருக்கு மேல் விலகியது. ஆனால் பக்கெட்டோ பூமோ பலம் குறையவில்லை. "பம்ப் மேல சந்தேகம் குறையுது சார். சூடானா எண்ணெய் நீர்த்துப் போகும். நீர்த்த எண்ணெய் எங்கேயோ உள்ளுக்குள்ளேயே வழியுது" என்றான்.

பிறகுதான் அந்தச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை இறக்கினான். சென்டர் ஜாயிண்டுக்குக் கீழே, இடது மோட்டாருக்குப் போகும் ஜோடி ஹோஸை வலது பக்கத்துக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டினான். இப்போது இடது லீவரைத் தள்ளினால் வலது பெல்ட் ஓடும். திறந்த இடத்தில் மெதுவாக ஓட்டினான். நொண்டல் வலது பக்கம் போய்விட்டது.

எனக்குச் சிலிர்த்தது. அப்படியானால் இடது மோட்டார் நல்ல மோட்டார்! அதுவே பழுதாக இருந்தால் யார் எண்ணெய் கொடுத்தாலும் அதுதானே நொண்ட வேண்டும்?

பழையபடி பூட்டிவிட்டு, இந்த முறை சென்டர் ஜாயிண்டுக்கு மேலே, வால்விலிருந்து வரும் ஹோஸ்களை மாற்றினான். இப்போது நொண்டல் இடது பக்கமே நின்றது. அதாவது வால்வும் குற்றமில்லை. வால்வுக்குக் கீழே, மோட்டாருக்கு மேலே. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, சென்டர் ஜாயிண்ட்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன நடக்கிறது என்று எழுது. முப்பது வருஷம் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட சோதனை முறை இதுதான். மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மனிதன் தன் வீட்டைக் காப்பாற்ற அதைச் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருச்சியிலிருந்து சீல் கிட் பஸ்ஸில் வந்தது. விலை, மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஜாயிண்டைக் கழற்றினான். ஒரு சீல் வளையம் கிழிந்திருந்தது. அதை விரல் நுனியில் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே கேட்டான்:

"நடுவுல ஓட்டை இருந்தா, சார்?"

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பு. பாஸ்கல் விதி. பலகையில் ஒரு சின்ன பிஸ்டன், ஒரு பெரிய பிஸ்டன், நடுவில் ஒரு குழாய் வரைந்தேன். 'அடைபட்ட திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும்' என்று எல்லாரையும் கூட்டாகச் சொல்ல வைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து இவன் எழுந்தான். "நடுவுல ஓட்டை இருந்தா, சார்?" வகுப்பே சிரித்தது. "பாடத்துல இல்லாததைக் கேட்காதே. உட்காருடா" என்றேன்.

பாடத்தில் இல்லையா? அந்த விதியின் முதல் சொல்லே 'அடைபட்ட' என்பதுதான். மற்றவர்கள் அதைச் சொல்லாகச் சொன்னார்கள். இவன் ஒருவன் அதற்கு அர்த்தம் கேட்டான். பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் சொன்னதை வைத்து பிராமா என்ற இங்கிலாந்துக்காரர் 1795-ல் நீரழுத்தப் பொறிக்கு உரிமம் வாங்கினார். அவர் கூட்டத்துக்கும் பெரிய தலைவலியாக இருந்தது பிஸ்டன் ஓரத்தில் கசியாமல் அடைப்பதுதான். அதே கேள்வியைக் கேட்ட பையனைத்தான் நான் உட்கார வைத்தேன்.

"நீ அதை இன்னும் மறக்கலையாடா?" என்றேன். "கோவமெல்லாம் இல்ல சார். இந்தச் சீலைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு" என்றான். நகர்ந்து போய் டார்ச்சைச் சரியாகப் பிடித்தேன். வேறென்ன செய்ய?

25-ம் தேதி வேலை முடிந்தது. 27-ல் கல்லணை திறந்தார்கள். அதற்குப் பிறகு சில நாளில் என் மூன்று மாவுக்கும் தண்ணீர் ஏறியது.

இனி குவைத்துக்காரனுக்கும், வண்டி வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும். தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டது:

1. தினமும் வேலை முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். நம் களிமண் ராத்திரியில் காய்ந்து கல்லாகிவிடும். காலையில் அதோடு சுற்றினால் ரோலரும் சீலும் தேயும். வைக்கோல், நைலான், மீன்வலை நூல் சுற்றியிருந்தால் அன்றன்றே அறுத்து எடுங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே போய் சீலைத் தின்றுவிடும்.

2. பெல்ட் இறுக்கம். பல சிறிய வண்டிகளில், தூக்கிய நிலையில், நடு ரோலருக்கும் ரப்பர் பெல்ட்டுக்கும் இடையே 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்ப்ராக்கெட்டும் பேரிங்கும் தேயும். தளர்ந்தால் திரும்பும்போது பெல்ட் கழன்றுவிடும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். உள்ளே பெரிய அழுத்தம் இருக்கிறது.

3. பல்சக்கரப் பெட்டி எண்ணெய். பல வண்டிகளில் 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். புது வண்டிக்கு முதல் மாற்றம் அதற்கு வெகு முன்னதாகவே. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற நம் ஊர் வண்டிக்கு இடையிடையே திறந்து பார்ப்பது நல்லது.

4. பழைய வண்டி வாங்கும்போது, குளிர்ந்த வண்டியை ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் வேலை செய்யவிட்டு, சூடான பிறகு 20 மீட்டர் நேராக ஓட்டிப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் பல் கூராகத் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் வெடிப்பில் உள்கம்பி தெரிகிறதா, மோட்டாரைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

5. ஹோஸில் கசிவைத் தேடும்போது கையால் தடவவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். தப்பித் தவறிப் பாய்ந்துவிட்டால், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுவுவதும் பெல்ட் தொய்வு பார்ப்பதும் பெல்ட் வைத்த அறுவடை வண்டிக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று, நம் பிள்ளைகளில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு. ஒரு பையன் நொண்டினால் அவனையே மாற்றிவிடப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பலரை 'இவனுக்கு வராது' என்று எழுதிவைத்தேன். நடுவில் எங்கேயோ கசிந்துகொண்டிருந்திருக்கும். வீட்டில் இருந்திருக்கலாம், வகுப்பில் இருந்திருக்கலாம், நானாகவே இருந்திருக்கலாம். ஹோஸை மாற்றிப் பார்க்கும் பொறுமை எனக்கு அப்போது இல்லை.

தம்பி இந்தப் பதிவைப் படிப்பான். அன்றைக்குக் கரையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். உன் கேள்வி நல்ல கேள்விடா. நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நகையைப் போன வருஷம் மீட்டுவிட்டான் என்பதையும் சந்தோஷத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் வாத்தியார்