டிஸ்கைப் பிரிக்கும் முன்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. ராஜபாளையம் வட்டாரத்தில் நூற்பாலைக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அங்குள்ள சோழபுரம் மாதிரி ஊர்களில் அப்படிப்பட்ட பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி, பிள்ளைகள் பள்ளியிலிருந்து தூக்கிவந்த அந்த லேப்டாப்தான்.

தொடக்கத்தில் கொடுத்தவற்றின் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 7 ஒரு பகுதியிலும் பாஸ் லினக்ஸ் இன்னொரு பகுதியிலும் இருந்தன. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சிடாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று மெனு கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

வினை அங்கேதான். லினக்ஸ் பகுதியை விண்டோஸ் படிக்காது. டிஸ்க் மேனேஜ்மென்டில் அது சி, டி மாதிரி டிரைவ் எழுத்தில்லாத வெறும் கட்டமாகத் தெரியும். இடம் சும்மா கிடக்கிறதே என்று யாராவது அதை அழித்துவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்றுதான் நிற்கும். மெனுவைக் காட்டும் கிரப் என்ற நிரலின் தொடக்கம் டிஸ்கின் முதல் செக்டரிலும், மிச்சத்தில் பெரும்பாலானது அழித்த பகுதியிலும் இருந்ததே காரணம். விண்டோஸும் படங்களும் அப்படியே பத்திரமாக இருக்கும். ரிப்பேர் டிஸ்க் போட்டு அந்த முதல் செக்டரைச் சரிசெய்தால் போதும். அது தெரியாமல், எல்லாம் போச்சு என்று முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்வதுதான் உண்மையான இழப்பு.

அந்த முதல் செக்டர் வெறும் 512 பைட். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலுக்கு அதில் 64 பைட்தான் ஒதுக்கீடு. ஒரு பகுதிக்கு 16 வீதம் நான்கு பிரைமரி பகுதிகள். 1983இல் பிசி டாஸ் 2.0 காலத்தில் வந்த ஏற்பாடு இது. விண்டோஸின் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, கம்பெனியின் ரெகவரி என்று நான்கும் நிரம்பிவிட்டால் லினக்ஸுக்கு இடமிருந்தும் நுழைய வழியிருக்காது. ஒன்றை எக்ஸ்டெண்டட் பகுதியாக்கி, அதற்குள் உட்பகுதிகள் போட வேண்டும். புதிய ஜிபிடி முறையில் 128 பகுதிகள் வரை போடலாம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு அந்தப் பழைய லேப்டாப்கள் தகுதி பெறாது. எடை குறைந்த ஒரு லினக்ஸ்தான் அவற்றுக்கு நல்ல வழி.

ஆனால் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்ற பெயர்களும் அளவுகளும்தான் வரும். அளவைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 320 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 298 என்று தெரியும். எண்ணும் முறைதான் வேறு, இடம் குறையவில்லை. ஆகவே விண்டோஸ் இன்னும் ஓடும்போதே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, பகுதிகளின் வரிசையையும் அளவையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது.

"டி டிரைவ்ல இருக்கு, பயமில்லை" என்ற பேச்சு சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும். அது பாதி உண்மை. டெஸ்க்டாப்பில் சேமித்த கல்யாணப் படமெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது. டிஸ்க் பழுதானால் சியும் டியும் சேர்ந்தே போகும்.

பழைய டிஸ்கைப் பிரித்துக் கைவைப்பதைவிட, அதைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு அதில் ஓஎஸ் ஏற்றுவதே சரி. கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே கிடைக்கும். லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும்போது இதைக் கேளுங்கள். பழைய டிஸ்கைக் கையோடு வாங்கி வாருங்கள்.