ரோபோவைச் சுருக்கிய டாக்டர்

1987-ல் பிரிட்டனில் மார்வெல் யூகே நடத்திய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வார இதழில் டெத்ஸ் ஹெட் என்ற ரோபோ வந்தான். காசுக்குத் தலை எடுப்பவன். ஆனால் 'கூலி வேட்டைக்காரன்' என்று சொன்னால் கோபம் வரும். 'அமைதி காக்கும் ஏஜென்ட்' என்றுதான் சொல்ல வேண்டும்!

ஆள் மாடிவீட்டு உயரம். மனிதர்கள் வரும் கதைக்குள் எப்படி நுழைவது? 1988-ல் டாக்டர் ஹூ மேகஸின் காமிக்ஸில் வழி பிறந்தது. காலவெளியில் ஏழாவது டாக்டரோடு மோதுகிறான். டாக்டர் ஒரு கருவியைக் காட்டி அவனை ஆள் உயரத்துக்குச் சுருக்கிவிடுகிறார். அது தொலைக்காட்சித் தொடரில் வில்லன் மாஸ்டர் வைத்திருந்த கருவி! பிறகென்ன, தனி இதழ், ஃபென்டாஸ்டிக் ஃபோருடன் சந்திப்பு என்று ஒரே ஊர்சுற்றல்தான்.

பிரபஞ்சங்களை இணைத்தது அந்தக் கருவி மட்டுமா? டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஹாஸ்ப்ரோவுடையது, டாக்டர் பிபிசியுடையவர். இரண்டு காமிக்ஸ் உரிமமும் அப்போது ஒரே பதிப்பகத்திடம் இருந்தது. அதனால்தான் கதவு திறந்தது.

பின்னர் அந்த உரிமங்கள் கைமாறின, விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். டெத்ஸ் ஹெட் மட்டும் மார்வெலின் சொந்தப் பிள்ளை. 2019-லும் அவனுக்கு ஒரு தனித் தொடர் வந்தது. வாடகை வீட்டில் பிறந்தாலும் பட்டா யார் பேரில் என்பதுதான் கணக்கு!