லேபிளைப் பார்த்து எண்ணினேன்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது. அல்சைமரை உண்டாக்கும் பிறழ்வு கொண்ட பிரசெனிலின்-2 புரதம், சாதாரண பிரசெனிலினைவிட அதிக செல்களைச் சாகடிக்கிறது என்று அது காட்டுகிறது. அந்தச் செல்களை எண்ணியவன் நான்தான். எந்த ஸ்லைடில் எந்தப் புரதம் என்று தெரிந்துகொண்டே எண்ணினேன்.

பரம்பரையாக வரும் அல்சைமர் அரிது. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் அது புகுந்த குடும்பத்தில் தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் குடியேறி, பின் அமெரிக்கா போன ஜெர்மானியர்களின் வழிவந்த சில குடும்பங்களில் ஐம்பது வயதுகளிலேயே பலருக்கு நினைவாற்றல் மங்கியது. பிரசெனிலின்-2 புரதத்தின் 141ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்று 1995இல் தெரிந்தது. மறு ஆண்டே, இந்தப் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்த செல்கள் எளிதில் அபோப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) அடைகின்றன, பிறழ்வு இருந்தால் இன்னும் அதிகம் என்று ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த வேகத்தில்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வளர்த்த பிசி12 செல்கள்தான் என் கையில் இருந்தவை. சீரத்தை நிறுத்திப் பட்டினி போட்டு, ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். உயிருள்ள செல்லின் கரு மங்கிய நீலத்தில் சீராக, முட்டை வடிவில் தெரியும். செத்துக்கொண்டிருப்பது சுருங்கிப் பளீரென்று ஒளிரும், சிறு மணிகளாக உடைந்திருக்கும். இந்த இரண்டையும் எண்ணுவதில் சிக்கலே இல்லை. கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் பிரகாசமாக, இரண்டுங்கெட்டானாக நிற்பவற்றில்தான் தப்பு செய்தேன். லேபிள் பிறழ்வுப் புரதம் என்றால் செத்தது. சாதாரணப் புரதம் என்றால் உயிரோடு இருப்பது. சாவு குறைவாகத் தெரிந்த இடத்தை விட்டு ஸ்லைடை நகர்த்தியதும் உண்டு.

இன்னொன்றையும் மறைத்தேன். வெற்று பிளாஸ்மிட் மட்டும் போட்ட கன்ட்ரோலோடு ஒப்பிட்டால், சாதாரண பிரசெனிலினைத் திணித்த செல்களும் கூடுதலாகவே செத்தன. எந்தப் புரதத்தையும் அளவுக்கு மீறித் திணித்தால் செல் தத்தளிக்கும் என்ற சந்தேகம் அங்கேயே எழுந்திருக்க வேண்டும். அந்தக் கன்ட்ரோல் பட்டையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

கைடு என்னை வற்புறுத்தவில்லை. ஆசை என்னுடையது.

பிறகு ஒரு ஜூனியர் மாணவி அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். வித்தியாசம் வரவில்லை. "எனக்குத்தான் கை சரியில்லை போலிருக்குண்ணா" என்றாள். பேசாமல் இருந்தேன். மாதக்கணக்கில் செல்லையும் மீடியத்தையும் தன்னையும் சந்தேகப்பட்டு, கடைசியில் தலைப்பையே மாற்றிக்கொண்டாள். நான் செய்தவற்றில் மன்னிக்க முடியாதது இதுதான்.

பிரசெனிலின் வெறும் கொலையாளி அல்ல. காமா-செக்ரடேஸ் என்னும் நொதியில் வெட்டும் பகுதியே அது. அமைலாய்டு முன்னோடிப் புரதத்தை வெட்டும்போது பிறழ்வு இருந்தால், எளிதில் திரளும் 42 அமினோ அமிலத் துண்டின் விகிதம் கூடுகிறது. அதே கத்திதான் செல் வளர்ச்சிக்குத் தேவையான நாட்ச் புரதத்தையும் வெட்டுகிறது. வளர்ந்த எலிகளின் முன்மூளையிலிருந்து பிரசெனிலின்-1, பிரசெனிலின்-2 இரண்டையும் நீக்கியபோது நினைவு குன்றி, பின்னர் நியூரான்களே அழிந்தன என்று 2004இல் காட்டினார்கள். இந்த நொதியைத் தடுக்கும் செமகாசெஸ்டாட் மருந்தின் சோதனை 2010இல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மோசமானார்கள், தோல் புற்றுநோயும் கூடியது. என் வரைபடம் அந்த மருந்துக்குக் காரணமல்ல. ஆனால் இந்தப் புரதம் செல்லைக் காக்கவும் செய்கிறது என்று நினைத்துப் பார்க்கவே நான் இடம் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கும் அந்த மாணவிக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் படத்தை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். செல் எண்ணும் மாணவர்களே, உங்கள் ஸ்லைடுகளுக்கு வேறொருவரை ரகசியக் குறி போடச் சொல்லுங்கள். கடைசிச் செல்லை எண்ணி முடிக்கும்வரை எந்தக் குறி எந்த ஸ்லைடு என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும்.