பிரின்சஸ் விக்டோரியா கப்பலும் ‘கடவுளின் சித்தமும்’



ஜனவரி 31 புனித தொன் போஸ்கோவின் திருநாள். ஆனால் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரன்ராயர் நகரிலும் வட அயர்லாந்தின் லார்ன் நகரிலும் அந்த நாளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1953ஆம் ஆண்டு அதே நாளில், அது ஒரு சனிக்கிழமை, அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடிய பிரின்சஸ் விக்டோரியா என்னும் பயணிகள் கப்பல் கடலில் மூழ்கியது. இறந்தவர்கள் 130 பேருக்கு மேல். கரை சேர்ந்தவர்கள் 44 பேர். அந்த 44 பேரில் ஒரு பெண் இல்லை. ஒரு குழந்தையும் இல்லை.

நம் குடும்பங்கள் பலவும் அந்தக் கடலைக் கடந்திருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்காகவும், பெல்பாஸ்ட் மருத்துவமனைகளில் வேலைக்காகவும், கோடை விடுமுறைக்காகவும் காரோடு கப்பலில் ஏறிப் போய் வந்திருக்கிறோம். கார்த் தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறித் தேநீர் வாங்கிக் குடிப்பதற்குள் எதிர்க்கரை தெரியத் தொடங்கிவிடும். அவ்வளவு குறுகிய கடல் அது. இந்தக் கப்பலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மரண வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு இந்தக் கப்பல் தேவைப்படுகிறது.

பிரின்சஸ் விக்டோரியா 1947இல் கட்டப்பட்டது. வாகனங்கள் பின்புறக் கதவு வழியாகத் தாமே ஓடி ஏறி, தாமே ஓடி இறங்கும் அமைப்புடைய கப்பல். பாரந்தூக்கி கொண்டு ஒவ்வொரு வண்டியாகத் தூக்கி வைத்த காலத்தில் இது பெரிய முன்னேற்றம். அன்றைய பிரித்தானிய ரயில் சேவையே அதை நடத்தியது. ரயிலில் வந்து இறங்குபவர்கள் கப்பல் ஏறி அயர்லாந்து போவார்கள்.

இத்தகைய கப்பலின் பலவீனம் அதன் வசதியிலேயே இருந்தது. வாகனத் தளம் தடுப்புச் சுவர்கள் இல்லாத ஒரு நீண்ட மண்டபம். அதற்குள் நீர் புகுந்தால் ஒரு பக்கமாக ஓடிச் சேரும். சேர்ந்த பக்கம் கப்பல் சாயும். சாய்ந்தால் இன்னும் நீர் அந்தப் பக்கமே வரும். ஆகவே இரண்டு காரியங்கள் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்று, பின்புறக் கதவு அலையின் அடியைத் தாங்க வேண்டும். மற்றது, மீறி உட்புகும் நீர் விரைவாக வெளியேற வடிகால் துளைகள் போதிய அளவில் இருக்க வேண்டும். பிரின்சஸ் விக்டோரியாவில் இரண்டுமே போதவில்லை.

இது முன்னரே தெரிந்த குறை. 1949 நவம்பரிலும் 1951 அக்டோபரிலும் நடந்த இரு நிகழ்வுகள் அந்தத் தளத்தின் குறைகளை வெளிக்காட்டியிருந்தன. பின்புறக் கதவுக்கு மேலதிகப் பாதுகாப்பாக, மேலிருந்து கீழே இறக்கும் இன்னொரு கதவும் பொருத்தப்பட்டிருந்தது. அதை இறக்கி ஏற்ற நேரம் அதிகம் பிடித்தது. அதனால் பெரும்பாலும் அதை இறக்குவதில்லை. அன்றும் இறக்கவில்லை.

காலை 7.45க்கு, கடும் புயல் எச்சரிக்கை இருந்த நிலையில், ஜேம்ஸ் பெர்கசன் என்னும் கப்பல் தலைவரின் கீழ் கப்பல் புறப்பட்டது. லொக் ரையன் என்னும் காயலின் உள்ளே இருக்கும்வரை காற்றின் முழு வேகம் தெரியவில்லை. வாயைக் கடந்து திறந்த கடலுக்கு வந்ததும் வடமேல் திசைப் புயல் முழு வலிமையோடு தாக்கியது. ஒரு பேரலை பின்புறக் கதவை வளைத்து உடைத்தது. வாகனத் தளத்தில் நீர் ஏறியது.

திரும்பிக் காயலுக்குள் போகத் தலைவர் முயன்றார். கப்பலைத் திருப்பினால் உடைந்த பின்புறம் அலைக்கு நேரே வரும். எனவே பின்னோக்கியே ஓட்டிச் செல்ல எண்ணினார். அதற்குக் கப்பலின் அணியத்தில் இருந்த முன்சுக்கான் தேவை. அந்தச் சுக்கானைப் பூட்டி வைத்திருந்த முளையைக் கழற்ற மாலுமிகளால் இயலவில்லை. அணியத்தில் நிற்கவே முடியாதபடி அலைகள் ஏறி விழுந்துகொண்டிருந்தன. வேறு வழியின்றி, சாய்ந்த கப்பலை அயர்லாந்துக் கரை நோக்கிச் செலுத்தினார்.

9.46க்கு முதல் உதவிச் செய்தி போயிற்று. 10.32க்கு ஆபத்து அழைப்பு. அனுப்பியவர் டேவிட் பிராட்புட் என்னும் வானொலி அலுவலர், ஸ்ட்ரன்ராயர் ஊர்க்காரர். அன்று கப்பலில் இருந்தது மோர்ஸ் தந்திக் கருவி. உட்கார்ந்து, விரலால் தட்டி, ஒவ்வோர் எழுத்தாக அனுப்ப வேண்டும். சாய்ந்துகொண்டே போகும் ஓர் அறையில் இருந்து அவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் அனுப்பிக்கொண்டே இருந்தார். போர்ட்பற்றிக்கில் இருந்து உயிர்காப்புப் படகு புறப்பட்டது. கொன்டெஸ்ட் என்னும் கடற்படைக் கப்பலும் புறப்பட்டது. ஆனால் பனிபோல் எழுந்த நீர்த்திவலையில் எவரும் எதையும் காணக்கூடிய நிலை இல்லை. கப்பல் இருக்குமென்று அவர்கள் தேடிய இடம் வேறு, கப்பல் மெய்யாகவே இருந்த இடம் வேறு. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர், கோப்லண்ட் தீவுகளுக்கு அருகே அயர்லாந்துக் கரை கண்ணில் பட்டது. அந்த இடத்தை பிராட்புட் அறிவித்தார். 1.58க்கு அவருடைய கடைசிச் செய்தி. அவரும் தப்பவில்லை, கப்பல் தலைவரும் தப்பவில்லை, அதிகாரிகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. வீரத்துக்கான ஜோர்ஜ் சிலுவை விருது பிராட்புட்டின் பெயருக்குப் பின்னர் வழங்கப்பட்டது.

பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஒரு படகில் ஏற்றினார்கள். அது கடலின் பழைய மரபு. மனிதரின் நல்ல மரபு. இறக்கிய சிறிது நேரத்தில் அந்தப் படகை அலை தூக்கிக் கப்பலின் பக்கத்திலேயே மோதியது. அதில் இருந்த எவரும் உயிரோடு மீளவில்லை. இந்த இடத்தில் நான் எந்த விளக்கமும் சொல்லப் போவதில்லை.

பெல்பாஸ்ட் காயலில் புயலுக்கு ஒதுங்கி நின்ற சிறிய சரக்குக் கப்பல்கள் சில, செய்தி கேட்டு மீண்டும் புயலுக்குள் வந்தன. நீரில் இருந்தவர்களைக் கண்டார்கள். தூக்கிக்கொள்ள இயலவில்லை, அருகே வந்தால் பெரிய கப்பலின் இரும்புச் சுவரே சிறு படகுகளை நொறுக்கிவிடும். ஆகவே காற்றுக்கு மறைப்பாக நின்றன. டொனகடீயில் இருந்து வந்த சர் சாமுவேல் கெலி என்னும் உயிர்காப்புப் படகு 33 பேரைத் தூக்கியது. கொன்டெஸ்டில் இருந்து இருவர் கடலிலேயே குதித்து ஆட்களை மீட்டார்கள். கரையோரத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், அலைக்கு மறைப்பாக ஒரு கலத்தை நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்று. அந்தச் சரக்குக் கப்பல்காரர்களைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அன்றிரவே அதே புயல் வட கடலுக்குள் இறங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரையும் நெதர்லாந்தில் 1,836 பேரையும் கொன்றது. ஒல்லாந்தில் வாழும் நம் உறவுகள் அந்த வெள்ளத்தை நன்கு அறிவார்கள். அங்கும் அணைகள் போதிய உயரமில்லை என்று ஒரு பொறியியலாளர், யொகான் வான் வேன், முன்னரே சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘கடவுளின் சித்தம்.’

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் இனத்தவர் ஒருவர் இரவு வேலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ஊரையும் பெயரையும் தவிர்க்கிறேன். அந்த இயந்திரத்தின் காப்புத் தகடு பல வாரங்களாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அது இருந்தால் வேலை தாமதமாகும் என்பதால். செபமாலை முடிந்ததும் ஒரு பெரியவர், மனம் நிறைந்த அன்போடு, அந்தப் பெண்ணிடம் சொன்னார்: “பிள்ளை, கடவுளின்ர சித்தம். நாங்கள் என்ன செய்யிறது?” அவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “பாதர், தகட்டைக் கழட்டினது கடவுளே?”

குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள்: கடவுள் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு. அது சரியான பாடம்; நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் மரண வீட்டில் அந்த வேறுபாடு எவர் காதிலும் விழுவதில்லை. ‘சித்தம்’ என்ற ஒரே சொல்லுக்குள் புயலும் போய்விடுகிறது, கழற்றிய தகடும் போய்விடுகிறது, இறக்காத கதவும் போய்விடுகிறது. நான் அவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன்: “இல்லை.” அந்தப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. சில நாட்கள் என்னோடு பேசவில்லை.

ஆண்டவர் இயேசுவிடமே ஒருமுறை இத்தகைய செய்தி வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா நற்செய்தியில் அவரே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். அதைத் தந்தையின் சித்தம் என்றும் அவர் சொல்லவில்லை. கோபுரத்தைக் கட்டியவர் யார், அது எப்போது சாயத் தொடங்கியது என்று லூக்கா எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் அதை எழுதியிருக்கிறது. விவிலியத்தில் கப்பல் விபத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பகுதி வேறில்லை. குளிர்காலம் நெருங்கிவிட்டது, இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிர்களுக்கும் கேடு என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவர் யாரை நம்பினார்? கப்பலை ஓட்டியவரையும் கப்பலின் உரிமையாளரையும். பவுல் ஒரு கைதி. கைதியின் பேச்சை யார் கேட்பார்? இரண்டு வாரம் புயலில் அலைந்து, மால்தாத் தீவில் கப்பல் உடைந்தது. அதில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள். அது கடவுளின் கொடை என்று லூக்கா எழுதுகிறார். புறப்பட்டது யாருடைய முடிவு என்பதையும் அதே அதிகாரத்தில் மறைக்காமல் எழுதுகிறார். இரண்டையும் ஒரே மை கொண்டு எழுதிய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரின்சஸ் விக்டோரியா பற்றிய விசாரணை அதே 1953 மார்ச்சில் பெல்பாஸ்ட்டில் தொடங்கியது. புயலின் மீது பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோவது எளிதாக இருந்திருக்கும். அவ்வளவு கடும் புயல் அது. விசாரணை அப்படிச் செய்யவில்லை. கப்பல் கடலுக்குத் தகுதியற்ற நிலையில் இருந்தது, பின்புறக் கதவு போதவில்லை, வாகனத் தள வடிகால் போதவில்லை, முந்தைய இரு நிகழ்வுகளில் இருந்தும் உரிமையாளர்கள் பாடம் கற்கவில்லை என்று தீர்ப்புக் கூறியது. மனைவியை, பிள்ளையை இழந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதையும் திருப்பித் தரவில்லை. ஆயினும் அதில் ஒரு நீதி உண்டு. கடவுளின் பெயரால் எதையும் மூடாத நீதி.

கசப்பு என்னவெனில், 34 ஆண்டுகள் கழித்து, 1987 மார்ச் 6ஆம் நாள், பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகத்தின் வெளியே ஹெரால்ட் ஒஃப் பிரீ என்டர்பிரைஸ் என்னும் கப்பல் முன்கதவு திறந்தபடியே புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். மீண்டும் அதே வாகனத் தளம், அதே நீர். கதவு மூடப்பட்டதைக் காட்டும் விளக்கு ஒன்று வேண்டுமென்று அந்த நிறுவனத்தின் கப்பல் தலைவர்கள் முன்னரே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான் சொன்ன அந்தப் பெண், கணவரின் மரண விசாரணைக்குத் தனியே போகத் தயங்கினார். ஆங்கிலம் ஒரு தடை, “கடவுள் எடுத்த உயிருக்கு வழக்கா?” என்ற உறவினரின் பேச்சு அதைவிடப் பெரிய தடை. நம் சபையின் இரு பெண்கள் அவரோடு போனார்கள். ஒருவர் மொழிபெயர்த்தார், மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. கணவர் இறப்பதற்கு முன்னர் வேலையிடத்துக்கு அந்தத் தகட்டைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தின் பிரதி அதில் இருந்தது. அதை அவர் திருநற்கருணைக்கு முன் கொண்டுவந்து வைத்துச் செபித்துவிட்டுத்தான் விசாரணைக்கு எடுத்துச் சென்றார். அதைவிடச் சிறந்த செபத்தை நான் அண்மைக் காலத்தில் கண்டதில்லை.

இவ்வாண்டு ஜனவரி 31 மாலைத் திருப்பலியில் பிரின்சஸ் விக்டோரியாவில் இறந்தவர்களுக்காக மன்றாடுவோம். இங்கேயோ நம் ஊர்க் கடலிலோ வேறு எந்தக் கடலிலோ உறவுகளை இழந்தவர்கள், வேலையிடத்தில் இழந்தவர்களும், பெயர்களை முந்திய நாள் மாலைக்குள் ஆலயத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஆகவே திருப்பலி சற்று நீளும். தேநீருக்கு வழக்கம்போல் மண்டபத்தில் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத் தந்தை